எக்ஸ்பயர் ஆன டொமைன வேற கம்பெனிக்கு மாத்திக் குடுத்த சேலம் அஞ்சு ரோடு மாடி ஆபீஸ், 5க்கு 4 ஸ்டார்

இந்த கடை போர்டுல சிசிடிவி, பிரிண்டர் சர்வீஸ், வெப் டிசைன்னு தான் எழுதிருக்கும், டொமைன் டிரான்ஸ்ஃபர்னு (சைட்டோட பேர ஒரு கம்பெனில இருந்து இன்னொண்ணுக்கு மாத்தறது) எங்கயும் போட்ருக்க மாட்டாங்க. ஆனா அந்த வேலைக்கு தான் நாங்க போனோம், அதப்பத்தி தான் இந்த ரிவ்யூ. கேமரா எப்படி மாட்டுவாங்கன்னு என்னை கேக்காதீங்க.

எங்க மச்சான் ஏற்காட்டுல நாகலூர் போற ரோட்ல ஹோம்ஸ்டே வச்சிருக்காரு. டாட் காம் சைட்டு, அதே பேர்ல மெயில் ஐடி, பாதி புக்கிங் அதுல தான் வரும். சைட்டு போட்டுக் குடுத்த பையன் டொமைன தன்னோட அக்கவுண்ட்ல தன் மெயில் ஐடி குடுத்து வாங்கிட்டு அப்புறம் பெங்களூர்ல வேலை கெடச்சு போயிட்டான். எக்ஸ்பயரிக்கு சுமார் ஒரு மாசம் முன்னாடி ஒண்ணு, ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு, முடிஞ்ச 5 நாளுக்குள்ள இன்னொண்ணுன்னு மெயில் அனுப்பணும்னு ஐகான் (டாட் காம் மாதிரி பேருக்கெல்லாம் ரூல் போடற அமைப்பு) ரூல் இருக்கு, பேர வித்த கம்பெனி எல்லாம் ஒழுங்கா அனுப்பிருக்காங்க, அவனோட பழைய இன்பாக்ஸுக்கு. இங்க கோடை விழா கூட்டம் மேல ஏறுற நேரத்துல சைட்ட தொறந்தா யாரோட லோன் விளம்பரமோ ஓடுது, புக்கிங் மெயில் அனுப்பினவங்களுக்கெல்லாம் அது போய்ச் சேராம திரும்பி வருது.

பழைய கம்பெனி கஸ்டமர் கேர்ல கேட்டா "மொதல்ல எங்ககிட்ட ரினீவ் பண்ணுங்க சார், அப்புறம் தான் வெளிய போக முடியும்"னு ஒரே பாட்டு. மொத வருஷம் ஆஃபர்ல குடுத்த ரேட்டு வேற, இப்ப கேக்கற ரேட்டு வேற, அதுக்கு மேல ஓனர் பேரு வெளிய தெரியாம மறைக்கறதுக்கு தனியா காசு.

இங்க வந்தப்ப கடைக்கார அண்ணன் மானிட்டர நம்ம பக்கமா திருப்பி வச்சு ஐகான் லுக்அப்ல (டொமைன் வெவரம் காட்டற பக்கம்) பேர போட்டாரு. அதுல எக்ஸ்பயரி அடுத்த வருஷம்னு காட்டுது! மச்சானுக்கு சந்தோஷம், "அப்ப ஒண்ணும் ஆகலீங்களா"ன்னாரு. அங்க தான் இவரோட வெவரம் தெரிஞ்சுது. டாட் காம நடத்தற வெரிசைன் எக்ஸ்பயரி அன்னைக்கு தானாவே ஒரு வருஷம் ஏத்தி வச்சிரும், 45 நாளுக்குள்ள ஓனர் பணம் கட்டலன்னா பழைய கம்பெனி அத டெலீட் பண்ணி தன் காச திருப்பி வாங்கிக்கும், அதனால அந்த தேதிய நம்பாதீங்க, ரெஜிஸ்ட்ரார், அதான் பேர வித்த கம்பெனி, போட்ருக்கற எக்ஸ்பயரி தேதிய பாருங்கன்னு கீழ விரல வச்சு காமிச்சாரு. அது முடிஞ்சு போயிருந்துச்சு. ஸ்டேட்டஸ்ல ஆட்டோ ரினீவ் பீரியட்னு இருக்கற வரைக்கும் மாத்தலாம். ரிடெம்ப்ஷன்னு வந்துட்டா 30 நாள், அப்ப வெளிய மாத்தவே முடியாது, பழைய கம்பெனிகிட்டயே தனி அபராதம் கட்டி தான் மீட்கணும். அதுவும் போச்சுன்னா பெண்டிங் டெலீட் 5 நாள், அப்புறம் பேர எவன் வேணா வாங்கிக்கலாம். இன்னொண்ணு, அந்த 45 நாளும் முழுசா கெடைக்கும்னு உக்காந்திருக்காதீங்க, நெறைய கம்பெனி அதுக்கு முன்னாடியே ஏலத்துல விட்ருவாங்க.

"சரி, அவங்ககிட்டயே ரினீவ் பண்ணிட்டு அப்புறம் மாத்திக்கலாமே"ன்னு நான் கேட்டேன். வேண்டாம்னுட்டாரு. எக்ஸ்பயர் ஆனதுக்கப்புறம் ரினீவ் பண்ணி அந்த 45 நாளுக்குள்ள மாத்தினா, ரினீவ் பண்ண வருஷம் கழிஞ்சு போயிரும், டிரான்ஸ்ஃபர்ல வர்ற ஒரு வருஷம் மட்டும் தான் நிக்கும். ரெண்டு தடவ காசு, கெடைக்கறது ஒரு வருஷம். இத கஸ்டமர் கேர்ல ஒருத்தர் கூட சொல்லல பாருங்க! வரப்போற வருஷத்துக்கு காசு கட்டலன்னு காரணம் சொல்லி டிரான்ஸ்ஃபர மறுக்கக் கூடாதுன்னும் ஐகான் பாலிசில இருக்காம், முந்தின வருஷத்து பாக்கி இருந்தா தான் புடிச்சு வைக்கலாம். அந்த பாயிண்ட போட்டு அவரே இங்கிலீஷ்ல ஒரு மெயில் டைப் பண்ணாரு, பெங்களூர் தம்பிய ஃபோன்ல புடிச்சு அவன் ஐடில இருந்தே அனுப்ப வச்சோம் (தம்பி நல்லவன் தான், ஓடிபி கேட்டப்பல்லாம் சொன்னான்). அதுக்கப்புறம் கஸ்டமர் கேர் அந்த பாட்ட நிறுத்திட்டாங்க. வெளிய போக விடாத லாக்க எடுத்து, மாத்தறதுக்கு வேண்டிய பாஸ்வேர்டு மாதிரி ஆத் கோடு குடுத்தாங்க, கேட்டா 5 நாளுக்குள்ள குடுத்தே ஆகணும்.

மச்சான் அவசரத்துல ஓனர் பேர தன் பேருக்கு மாத்தப் போனாரு, அண்ணன் கைய புடிக்காத குறை. இப்ப பேரையோ மெயிலையோ மாத்தினா 60 நாள் லாக் விழலாம், மொதல்ல வெளிய கொண்டு வந்துட்டு அப்புறம் மாத்துங்கன்னாரு.

எனக்கு ரொம்ப புடிச்சது இது தான்: புது கம்பெனில அக்கவுண்ட் மச்சானோட மெயில்ல, மச்சானோட ஃபோன் நம்பர்ல, மச்சானோட கார்டுல தான் ஓபன் பண்ணாரு. பாஸ்வேர்டு அடிக்கறப்ப எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போயிட்டாரு. நம்ம ஊர்ல பாதி டிசைனருங்க டொமைன தன் பேர்ல வச்சுகிட்டு வருஷா வருஷம் நம்மள அலைய விடறாங்க, இவரு அந்த பொழப்பே வேண்டாம்னு இருக்காரு.

பழைய கம்பெனி 5 நாள் வரைக்கும் இழுக்கலாம், இழுத்தாங்க. டொமைன் வந்ததும் நேம் சர்வர் (பேர அடிச்சா எந்த பக்கம் போகணும்னு சொல்றது) இன்னும் அந்த விளம்பர பக்கத்தையே காட்டிட்டு இருந்துச்சு, அத ஹோஸ்டிங் பக்கம் திருப்பி மெயிலுக்கு எம்எக்ஸ் ரெக்கார்டும் போட்டுக் குடுத்தாரு. என் ஃபோன்ல சைட்டு ஒடனே வந்துச்சு, ஏற்காட்டு வைஃபைல மட்டும் லேட்டு, ரெண்டு நாள் வரைக்கும் அப்படி இருக்கும்னு முன்னாடியே சொல்லிட்டாரு.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா ஃபோனே எடுக்க மாட்டாரு. நேர்ல போனா ராஜ மரியாதை, கால் பண்ணா ரிங் போய்கிட்டே இருக்கும், டிரான்ஸ்ஃபர் நடக்கறப்ப நமக்கு அடி வயித்த கலக்குமில்ல. பில்லும் கேட்டா தான் வரும். சர்வீஸ் சார்ஜ் 750 ரூபா, டொமைன் காசு நம்ம கார்டுல இருந்து நேரா போயிரும், என்னைய கேட்டா நியாயமான ரேட்டு.

போறவங்க டொமைன் எந்த மெயில் ஐடில இருக்கோ அது தொறக்கற ஃபோன கையோட கொண்டு போங்க, வண்டிய சாரதா காலேஜ் ரோட்டுப் பக்கம் விட்டுட்டு நடந்துருங்க, கடை முன்னாடி எடமே இல்ல.