சிக்னலில் நின்றால் சூடு: பழைய காரும் அதன் ஏசியும்

என்னுடையது பத்து வயதைத் தாண்டிய பெட்ரோல் ஹேட்ச்பேக். வாங்கியதிலிருந்து மதுரை வெயிலில்தான் ஓடுகிறது. எஞ்சின் பெரிதாகத் தொல்லை கொடுத்ததில்லை. செலவு வைத்ததெல்லாம் ஏசிதான். குளிரவில்லை என்று எந்த ஒர்க் ஷாப்பில் போய் நின்றாலும் முதல் பதில், "கேஸ் கம்மியா இருக்கும் சார், அடிச்சு விட்டுடலாம்." உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஏசியில் குளிரைத் தரும் இந்தக் கேஸ், பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. ஹோஸ் வழியாகப் பல வருடத்தில் கொஞ்சம் குறையலாம். ஒரே கோடையில் காலியானால் கசிவுதான்.

முதலில் வந்த கோளாறில் கேஸுக்குச் சம்பந்தமே இல்லை. ரிங் ரோட்டில் ஜில்லென்று வரும் காற்று, கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் அனலாக மாறும். இப்படி இருந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டன்சரையும் அதன் ஃபேனையும் சந்தேகப்பட வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டன்சரின் சூட்டை இழுத்துப் போய்விடும். நின்றுவிட்டால் ஃபேன் மட்டும்தான் துணை. எங்கள் வண்டியில் ஃபேன் சுற்றத்தான் செய்தது, அதனாலேயே இரண்டு கடைகளில் அதைக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவதாகப் பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணன் கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜைக்கூட எடுக்கவில்லை. வண்டியை ஐடிலில் விட்டு, ஏசியை முழுதாகப் போட்டு, முன் கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் தண்ணீர் தெளித்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே குளிர ஆரம்பித்தது. கேஸ் இருக்கிறது, சூடு வெளியேறத்தான் வழியில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஃபேன் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்து வேகம் செத்திருந்தது. மோட்டாரை மாற்றியதோடு சரி. இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம், ஆனால் ஃபேன் பக்கம் கை போகக்கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும்.

சில கோடைகள் கழித்து, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் "டக், டக்" என்று நொடிக்கொரு தரம் போட்டுப் போட்டு விழுந்தது. இது கேஸ் குறைந்ததற்கான அடையாளம். பானட்டைத் திறந்து பார்த்தால் ஒரு பைப் ஜாயிண்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும். கம்ப்ரசர் ஆயில் கேஸோடு சேர்ந்தே சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசியும். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவியதும் அதே ஜாயிண்டில் குமிழி வந்தது. போனது ஜாயிண்டை அடைக்கும் ரப்பர் வளையமான ஒரு ஓ-ரிங், அவ்வளவுதான். அதை மாற்றி, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்ச அரை மணி நேரம் வேக்யூம் போட்டு, பிறகு ஆர்134ஏ என்ற ஏசி கேஸை எடை பார்த்து ஏற்றினார்கள்.

எடை என்பதை அழுத்திச் சொல்கிறேன். எத்தனை கிராம் என்று பானட்டுக்குள் ஸ்டிக்கரிலேயே இருக்கும். கூடுதலாக அடித்தாலும் குளிர் குறையும். வண்டியை ஆஃப் செய்துவிட்டு, "முள் நல்லா காட்டுது, கேஸ் ஃபுல்லு" என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே 30 டிகிரியில் கேஜ் முள் கிட்டத்தட்ட 95 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டும். பாதி கேஸ் இருந்தாலும் அதேதான்.

காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். க்ளோவ் பாக்ஸைக் கழற்றினால் பல கார்களில் நாமே மாற்றிவிடலாம். ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு என்றால் கேஸ் குறைவாகவும் இருக்கலாம், டேஷ்போர்டுக்குள் காற்றைத் திசைமாற்றும் சிறு கதவைத் திருப்பும் மோட்டாரான ஆக்சுவேட்டராகவும் இருக்கலாம். உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் ஓட்டை என்றால் மட்டும் டேஷ்போர்டையே இறக்க வேண்டும். அந்தச் செலவு எனக்கு இன்னும் வரவில்லை.

இப்போது நடுப்பகலிலும் குளிர் போதுமானதாக இருக்கிறது. ஆனால் காற்றை உள்ளே தள்ளும் ப்ளோயர் நாலாம் நம்பரில் மட்டும்தான் ஓடுகிறது, மற்ற மூன்றிலும் சத்தமே இல்லை. ப்ளோயர் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும், இதற்கும் யாராவது கேஸ் அடிக்கச் சொல்வார்களா என்று பார்க்க வேண்டும்.