வெப்ஃப்ளோ: கோடு எழுத வேண்டாம், கிளாஸ் புரிந்தாக வேண்டும்

வெப்ஃப்ளோ, கோடு எழுதாமல் இணையதளம் கட்டும் கருவி. விக்ஸ் போன்ற எடிட்டர்களில் பழகியவர்கள் இதற்கு வந்ததும் முதலில் தடுமாறுவது ஓர் இடத்தில்தான்: பெட்டியை இழுத்து நினைத்த இடத்தில் போட முடியாது. செக்‌ஷன், அதற்குள் டிவ் பிளாக் என்ற வெறும் பெட்டி, அதற்குள் எழுத்தும் படமும் என்று அடுக்கித்தான் கட்ட வேண்டும். திரையில் பார்ப்பது பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் ஹெச்டிஎம்எல், தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் இரண்டையும்தான். தட்டச்சுக்குப் பதில் மவுஸ், அவ்வளவே. மார்ஜினுக்கும் (பெட்டிக்கு வெளியே உள்ள இடைவெளி) பேடிங்குக்கும் (உள்ளே உள்ள இடைவெளி) வித்தியாசம் தெரியாதவர்கள், அதையும் பெட்டிகளை வரிசைப்படுத்தும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்ன செய்கிறது என்று முதலில் படித்துவிட்டு வருவது நல்லது.

வெப்ஃப்ளோவின் பலமும் சிக்கலும் கிளாஸ்தான்: நிறம், அளவு போன்ற தோற்றப் பண்புகளின் தொகுப்புக்கு வைக்கும் பெயர். ஒரு பட்டனுக்கு நிறம் மாற்றினால், அதே கிளாஸ் உள்ள எல்லாப் பட்டன்களும் எல்லாப் பக்கங்களிலும் மாறும். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமென்றால், அடிப்படைக் கிளாஸுக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் சேர்த்துக் காம்போ கிளாஸ் ஆக்கி, பிறகு நிறத்தைத் தொட வேண்டும். காம்போ இரண்டோடு நிற்கட்டும். மூன்று, நான்கு என்று அடுக்கினால் எந்தப் பண்பு எங்கிருந்து வருகிறது என்று தேடியே நேரம் போகும். அப்படித் தேடும்போது ஸ்டைல் பேனலின் நிறங்கள் உதவும்: நீலம் என்றால் இங்கேயே கொடுத்த மதிப்பு, ஆரஞ்சு என்றால் வேறிடத்திலிருந்து இறங்கி வந்தது. கிளாஸுக்கு நாமே பெயர் வைக்காவிட்டால் ‘டிவ் பிளாக் 47’ போன்ற பெயர்கள் தானாகக் குவியும்.

தோற்றம் மாறும் திரை அகலமான பிரேக்பாயிண்டிலும் ஒரு ஒழுங்கு உண்டு. டெஸ்க்டாப்தான் அடிப்படை. அங்கே கொடுத்தது 991, 767, 478 பிக்சல் அளவுகளுக்கு இறங்கிப் போகும். 1280, 1440, 1920 சேர்த்தால் மேலேயும் ஏறும். ஆகவே டெஸ்க்டாப்பை முடித்துவிட்டே மொபைலுக்குப் போங்கள். மொபைலில் பக்கம் இடவலமாக ஆடினால், ஏதோ ஒரு டிவ்வுக்குப் பிக்சலில் நிலையான அகலம் கொடுத்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அகலத்தை 100% ஆக்கி, அந்தப் பிக்சல் எண்ணை மேக்ஸ் அகலத்தில் போட்டால் நின்றுவிடும்.

படங்களில் கவனம் தேவை. இமேஜ் எலிமென்டாக வைத்த படத்துக்கு வெவ்வேறு திரைக்கான சிறிய பிரதிகளை வெப்ஃப்ளோ தானே தயாரிக்கும். பேக்ரவுண்டாக வைத்த படத்துக்குத் தயாரிக்காது. முகப்பில் பெரிய படத்தைப் பேக்ரவுண்டாகப் போட்டால் மொபைலிலும் அது முழு எடையோடு இறங்கும். படத்தைச் சுற்றியுள்ள டிவ்வுக்குப் பொசிஷன் ரிலேட்டிவ், உள்ளே இமேஜுக்கு ஆப்சல்யூட், அகலமும் உயரமும் 100%, ஃபிட் கவர் என்று வைத்தால் அதே தோற்றம் கிடைக்கும். முகப்புப் படத்துக்கு லோடை ஈகர் (உடனே இறக்கு) ஆக்க மறக்க வேண்டாம். இல்லையென்றால் தாமதமாகத் தெரியும்.

பதிவுகளைச் சேமித்துப் பக்கங்களில் காட்டும் சிஎம்எஸ் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பதிவுகளைப் பட்டியலாக்கும் ஒரு கலெக்‌ஷன் லிஸ்ட் 100 பதிவுகளுக்கு மேல் காட்டாது. மீதியைப் பக்கம் பக்கமாகப் பிரிக்கும் பேஜினேஷன் போட வேண்டும்.

எக்ஸ்போர்ட் வசதியை நம்பி முடிவெடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கட்டணத் திட்டத்தில் கோடை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் வெளியே கொண்டுபோனால் ஃபார்ம் வேலை செய்யாது, தளத்தின் தேடல் வேலை செய்யாது, சிஎம்எஸ் பதிவுகளும் வராது. நிலையான பக்கங்கள் கொண்ட தளத்துக்கு இது போதும். வலைப்பூவையோ செய்தித் தளத்தையோ வெப்ஃப்ளோவில் கட்டினால் அங்கேயே ஹோஸ்ட் செய்வதாக நினைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

சொந்த டொமைன் இணைக்கப் பணம் கட்ட வேண்டும். அதற்கு முன் இலவசத் திட்டத்தில் ஒரே ஒரு பக்கத்தை நான்கு பிரேக்பாயிண்டிலும் சரியாக வரும்வரை கட்டிப் பாருங்கள்.