சர்ட்டிஃபிகேட்டா, இ.சி.ஜி.யா, கேள்வித்தாளா? கடற்கரை ஓட்டத்துக்கு எது சரிவரும்?

தனுஷ்கோடி சாலையில் அரை மராத்தான் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஓட வருகிறவர்களின் உடல்நிலையைச் சோதிக்க நாலு வழி இருக்கிறது: டாக்டர் சர்ட்டிஃபிகேட், இ.சி.ஜி., ட்ரெட்மில் டெஸ்ட் (நகரும் பட்டையில் நடக்கவைத்து எடுக்கும் இ.சி.ஜி.), கேள்வித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இவை ஒவ்வொன்றும் தேடுவது வேறு வேறு ஆபத்தை.

சர்ட்டிஃபிகேட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 'ஓடத் தகுதியானவர்' என்ற ஒற்றை வரியும் ஒரு கையெழுத்தும் எந்தக் கிளினிக்கிலும் கிடைக்கும். பின்னால் கேஸ் வந்தால் காட்டலாம் என்பதற்காக அமைப்பாளர்கள் வாங்கி வைக்கும் தாள் அது. பல வருஷமாக இதைக் கேட்டுவந்த பிரான்ஸே 2024-ல் பெரியவர்களுக்கு இதைக் கைவிட்டது. ஆபத்துகளை விளக்கும் இணையப் பாடம் ஒன்றைப் பார்த்து முடித்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கப் போகிற இளைஞரிடம் இந்தத் தாளைக் கேட்டால், அவர் ஓட வராமல் இருப்பார். வேறு பலன் இல்லை.

இ.சி.ஜி.க்கு வலுவான சாட்சி இத்தாலி. போட்டிகளில் பங்கேற்கும் விளையாட்டு வீரர்களுக்கு இ.சி.ஜி.யுடன் கூடிய பரிசோதனையை 1982-லேயே கட்டாயமாக்கிய நாடு அது. வெனெட்டோ பகுதியில் 12 முதல் 35 வயது வரையிலான வீரர்களில், ஆண்டுக்கு லட்சத்தில் 3.6 ஆக இருந்த திடீர் மரணம் 2004 வாக்கில் 0.4 ஆகக் குறைந்தது. பெரிய வெற்றிதான். ஆனால் இதே வழியைப் பின்பற்றி 1997-ல் சட்டம் போட்ட இஸ்ரேலில், பின்னர் கணக்குப் பார்த்தபோது குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நன்றாகப் பயிற்சி செய்தவரின் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 45-க்கு இறங்குவது சகஜம். ஓட்டக்காரர்களைப் பார்த்துப் பழகாத டாக்டருக்கு அந்த வரைபடம் கோளாறாகத் தெரியலாம். அப்புறம் எக்கோ என்ற இதய ஸ்கேன், இதய நிபுணர் என்று ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் அலைய வேண்டியதுதான்.

இ.சி.ஜி. நன்றாகப் பிடிப்பது இளவயதினரிடம் உள்ள பிறவி இதயக் கோளாறுகளை. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு முக்கிய எதிரி ரத்தக்குழாய் அடைப்பு. அடைப்பு இருந்தும் படுத்த நிலையில் எடுக்கும் இ.சி.ஜி. சுத்தமாக வரலாம். அங்கேதான் ட்ரெட்மில் டெஸ்ட் உதவும். அதுவும் பெரிய அடைப்பைத்தான் காட்டும். குழாயில் படிந்த சின்னக் கொழுப்புத் திட்டு நாளைக்கு வெடிக்குமா என்று சொல்லாது. 45 வயது, சுகர், சிகரெட், பத்து வருஷம் ஓடாமல் இருந்துவிட்டு இப்போது ஓட ஆசை என்றால் அவசியம் செய்துகொள்ளலாம். எல்லோருக்கும் கட்டாயம் என்றால் வீண் செலவு.

என் ஓட்டு கேள்வித்தாளுக்கு. கேப் டவுனில் 56 கிலோமீட்டரும் 21 கிலோமீட்டரும் ஓடும் டூ ஓஷன்ஸ் மராத்தானில் 2012 முதல் பெயர் கொடுக்கும்போதே இணையத்தில் உடல்நிலைக் கேள்விகள் கேட்டார்கள். ஆபத்து இருப்பவர்களை விலக்கவில்லை. டாக்டரைப் பார்க்கச் சொல்லி அறிவுரை அனுப்பினார்கள். முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் ஓட்டத்தின்போது சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 29 சதவீதம் குறைந்தார்கள். உயிருக்கே ஆபத்தான நிலை 64 சதவீதம் குறைந்தது.

நம் கடற்கரைக்கு இது இன்னும் பொருந்தும். காரணம், இங்கே இதயத்தோடு சேர்த்து வெக்கையையும் பார்க்க வேண்டும். ஈரக்காற்றில் வியர்வை காயாது, உடம்பு குளிராது. முகுந்தராயர் சத்திரம் தாண்டி, சாலை முடியும் அரிச்சல்முனை வரை ஒதுங்க நிழல் கிடையாது. போன வாரம் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்ததா? முன்பு வெயிலில் மயங்கி விழுந்தது உண்டா? வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா? ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போடுவீர்களா? (வியர்வை கொட்டும்போது டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கேடு.) எத்தனை பாட்டில் தண்ணீர் குடிப்பீர்கள் என்றும் கேட்கலாம். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு உப்பு அளவு குறைந்திருந்தது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தது முக்கியக் காரணம். இதில் எதையும் இ.சி.ஜி. காகிதம் சொல்லாது. பி.பி., சுகர் அளவையும் அதே தாளில் எழுதச் சொல்லலாம். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு கிராமங்களில்கூடப் பலருக்குத் தங்கள் அளவு தெரியும்.

கேள்வித்தாளின் ஓட்டை, மறைத்து எழுதுவது. காய்ச்சல் என்று உண்மையைச் சொன்னால் கட்டிய பணம் போய்விடும் என்றால் யார் சொல்வார்கள்? அடுத்த வருஷம் அதே கட்டணத்தில் ஓடலாம் என்று விதி வைத்தால்தான் நேர்மையான பதில் வரும்.

எந்தச் சல்லடையிலும் தப்புகிறவர் இருப்பார். அமெரிக்க நெடுந்தூர ஓட்டங்களில் 2000 முதல் 2010 வரை ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயத் துடிப்பு நின்றது. எல்லாமே மாரடைப்பு இல்லை. அவர்களில் 42 பேர் இறந்தார்கள். 2010-க்குப் பிறகு 2023 வரையிலான கணக்கில் இதயம் நிற்கும் விகிதம் மாறவில்லை. இறப்பு விகிதம் மட்டும் பாதியாகியிருக்கிறது. நெஞ்சை அழுத்தும் முதலுதவியும், மின்சாரம் பாய்ச்சி இதயத்தை மறுபடி துடிக்கவைக்கும் அதிர்ச்சிக் கருவியும் சீக்கிரம் கிடைத்ததை ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். தனுஷ்கோடிக்கு இருப்பது ஒரே சாலை. 108 வண்டி ஓடுகிறவர்களுக்கு நடுவில்தான் வர வேண்டும்.

அதனால் சர்ட்டிஃபிகேட்டை விட்டுவிடலாம். ஒரு மாதம் முன்பே எல்லோருக்கும் கேள்வித்தாள், சட்டையில் குத்தும் நம்பர் வாங்க வரும்போது காய்ச்சல், மாத்திரை பற்றி மறுபடி ஒரு கேள்வி, ஆபத்து தெரிகிறவருக்கு மட்டும் இ.சி.ஜி.யோ ட்ரெட்மில்லோ. மிச்சமாகும் பணத்தில் அரிச்சல்முனையில் ஒன்றும் நடுவழியில் ஒன்றுமாக அதிர்ச்சிக் கருவி. வெப்பத் தாக்கில் விழுந்தவரை வண்டியில் ஏற்றும் முன் ஐஸ் தண்ணீரில் கழுத்தளவு அமிழ்த்த வேண்டும். அதற்குப் பெரிய தொட்டியும், படகுகளுக்குப் போகும் ஐஸில் நாலைந்து கட்டியும் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.