ஜீப்பின் உள்தளமும் உர மூட்டையும்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

கடற்கரைப் பக்கம் வாகனம் வைத்திருப்பவர்களுக்குத்தான் துருப் பயம், மலையில் இருப்பவர்களுக்கு என்ன கவலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கந்தப்பளைப் பக்கம் கூட்டி வந்து, ஏதாவது ஒரு பழைய ஜீப்பின் பின்பக்க மெற்றைத் தூக்கிக் காட்ட வேண்டும். இங்கே உப்புக்காற்று இல்லைதான், ஆனால் உரம் இருக்கிறது. எம்ஓபி என்று மூட்டையில் வாங்குகிறோமே, அது பொட்டாசியம் குளோரைட். கறி உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. தையல் வழியாக ஒரு பிடி சிந்தினால் போதும், பனிமூட்டம் இறங்கும் இரவில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து தகரத்தில் பரவிவிடும். யூரியாவும் அமோனியம் சல்பேட்டும்கூட அப்படித்தான். கோழி எருவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

என்னிடம் இருப்பது பழைய மிட்சுபிஷி ஜீப், 4டிஆர்5 டீசல் எஞ்சின். மரக்கறித் தோட்டத்துக்கு உரம் ஏற்றுவது, கரட்டையும் லீக்ஸையும் பாதைக்கு இறக்குவது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நுவரெலியா போவது எல்லாம் இதில்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, கையில் இருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறந்துவிட்டார்கள், சரி. அந்த விலைக்கு யார் போவது?

வாங்கும்போது உள்ளே அழகான கார்ப்பெட் ஒட்டியிருந்தது. அதற்கடியில் தடித்த சணல் ஃபெல்ட். மேலே தடவினால் காய்ந்த மாதிரி இருக்கும்; கட்டை விரலால் அழுத்தினால் பழுப்புத் தண்ணீர் ஊறி வரும். கழற்றிப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: துரு அடியிலிருந்து மேலே வரவில்லை, மேலிருந்து கீழே போயிருக்கிறது. அடிப்பக்கம் பூசியிருந்த அண்டர்சீல் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அதுதான் ஓட்டையைக் கடைசிவரை மறைத்து வைத்திருந்தது. ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகரம் ‘டங்’ என்று பேசும், போன தகரம் ‘டொக்’ என்று அடங்கும். பின் இடது மூலையில் தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, முனை நேரே இறங்கிவிட்டது. ஏன் அந்த மூலை மட்டும்? எங்கள் முற்றம் அந்தப் பக்கம் சரிவு. இரவெல்லாம் உள்ளே சேர்ந்த ஈரம் ஓடி அங்கேதான் நிற்கும். மலையில் சமதரையில் வாகனம் நிறுத்துகிறவர் எத்தனை பேர்? உங்கள் ஜீப் தினமும் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ, முதலில் அந்த மூலையைப் பாருங்கள்.

லேண்ட் ரோவர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் உடல் அலுமினியம்தான். கால் வைக்கும் பள்ளமும், எஞ்சினுக்கும் உள்ளுக்கும் நடுவே நிற்கும் பல்க்ஹெட் சுவரும் இரும்பு. இரண்டும் சேரும் இடத்தில் ஈரம் நின்றால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிர ஆரம்பிக்கும்.

தகர வேலை செய்யும் டிங்கரிங் பாஸ் நல்ல மனுஷன். “தம்பி, ஓட்டைக்கு மேல தகரத்தை வச்சு ஒட்டிட்டா ரெண்டுக்கும் நடுவுல தண்ணி நிக்கும், வெட்டி எடுத்துட்டுத்தான் வைக்கணும்” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கெட்டதை எல்லாம் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, 18 கேஜ் தகரத்தை விளிம்போடு விளிம்பு வைத்து வெல்ட் பண்ணி, இரண்டு பக்கமும் இணைப்பை அடைக்கும் சீம் சீலர் பசை போட்டார். துத்தநாகம் பூசிய கெல்வனைஸ் தகரம் மலிவாகக் கிடைத்தும் வேண்டாம் என்றார். வெல்ட் பண்ணும்போது எரியும் துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும்.

பெயின்டைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், அதற்கு முந்திய கழுவலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உரம் ஏற்றிய வாகனத்தில் இதுதான் முக்கிய வேலை என்று இப்போது அடித்துச் சொல்வேன். வயர் பிரஷ் எவ்வளவு போட்டாலும் துருக்குழிக்குள் இருக்கும் உப்பு போகாது. அதன்மேல் எவ்வளவு விலையான பெயின்ட் பூசினாலும், அந்த உப்பு பெயின்ட் வழியாகவே ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். சுடுதண்ணீர், பழைய பிரஷ், திரும்பத் திரும்பக் கழுவல், பிறகு வெயில். துரு மாற்றி என்று விற்கிற பொஸ்பரிக் அமிலத்தைக் குழிகளில் மட்டும் தொட்டு வைத்தேன். சமமான இடங்களைச் சாணை பிடித்து வெள்ளை இரும்பாக்கினோம். அமிலம் மிச்சம் இருந்தால் அடுத்துப் பூசும் எபொக்சி அடிப்பூச்சு பிடிக்காது என்பதால் அதையும் கழுவித் துடைக்க வேண்டும்.

மாசி மாதத்தில் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைதான் மழை குறைவு. ஆனால் அந்த மாதங்களில்தான் இரவுக் குளிரும் அதிகம், புல்லில் உறைபனிகூட விழும். 10 பாகைக்குக் கீழே போனால் சாதாரண எபொக்சி காய்வதையே மறந்துவிடும். தவிர, தகரத்தின் சூடு பனி படியும் வெப்பநிலையை விடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருந்தால்தான் பூச வேண்டும். நடைமுறையில் இதற்கு அர்த்தம் இதுதான்: காலை பத்து மணிக்கு வெயில் ஏறிய பிறகு தொடங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட வேண்டும். நாலு மணிக்கு மேல் மலையிலிருந்து மூட்டம் இறங்க ஆரம்பித்தால் தகரத்தில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் விழுந்துவிடும்.

இரண்டு பாகம் கலக்கும் எபொக்சி பிரைமர் இரண்டு பூச்சு, மேலே லொறித் தட்டுகளுக்கு அடிக்கிற சொரசொரப்பான பெட்லைனர். பொருட்களைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கி பஸ்ஸில் அனுப்பச் சொன்னேன். பக்கவாட்டுப் பெட்டியின் உட்பக்கம் போன்ற கை போகாத இடங்களுக்கு மட்டும் மெழுகு ஸ்பிரே. பழைய எஞ்சின் ஒயிலை அடிக்கச் சொல்லும் பழைய டிரைவர்மார் இன்னும் இருக்கிறார்கள். சேசிஸ் பெட்டிக்குள் அது ஓரளவு வேலை செய்யும், மறுக்கவில்லை. உள்தளத்தில் வேண்டாம்: நாற்றம், ரப்பர் ஊதும், அப்புறம் எந்தப் பெயின்டும் ஒட்டாது.

சரி, எப்படி நின்றது? முன்பக்கம் கால் வைக்கும் இடங்கள் இன்னும் புதிது மாதிரி. குதிகால் ஊன்றும் இடத்தில் சொரசொரப்பு மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பின்பக்கம் மூட்டை இழுக்கும் பாதையில் கீறல்கள் உண்டு, ஆனால் எதுவும் எபொக்சியைத் தாண்டவில்லை. சத்தம் குறைந்தது எதிர்பாராத லாபம். குறை என்றால், சேறு அந்தச் சொரசொரப்புக்குள் உட்கார்ந்துகொள்ளும், துணியால் துடைத்தால் வராது, ஹோஸ் பிடிக்க வேண்டும். துரு திரும்பி வந்தது சீட் போல்ட் ஓட்டைகளில் மட்டும். முறுக்கும்போது போல்ட் பெயின்டைச் சுரண்டிவிடுகிறது. இப்போது ஓட்டையின் விளிம்பில் சீலரும் புரியில் மெழுகும் வைத்துத்தான் முறுக்குகிறேன்.

ஆனால் பாதிக்குமேல் பலன் பெயின்டால் வந்ததல்ல என்று நினைக்கிறேன். கார்ப்பெட்டைத் திரும்பப் போடவில்லை. தளத்தின் வடிகால் ஓட்டைகளில் பின்பக்கத்தவற்றின் ரப்பர் அடைப்பை எடுத்துவிட்டேன்; ஓடையில் இறங்கினால் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும், வந்த வழியே போய்விடும். மூட்டைகளுக்குக் கீழே சட்டப் பலகை, அதன்மேல் பொலித்தீன். உரம் இறக்கிய அன்றே கழுவல். 2021இல் சில மாதங்கள் இரசாயன உர இறக்குமதி நின்றிருந்தபோது ஊரில் எல்லாரும் தலையில் கை வைத்திருந்தோம், என் ஜீப்பின் தளம் மட்டும்தான் ஓய்வெடுத்தது.

உரமே ஏற்றாத, பயணத்துக்கு மட்டும் ஜீப் வைத்திருப்பவர் பெட்லைனருக்குக் காசு போட வேண்டியதில்லை. எபொக்சிக்கு மேலே நல்ல இரண்டு பாகப் பெயின்ட் ஒரு பூச்சும், ஒட்டாமல் சும்மா விரிக்கிற ரப்பர் மெற்றும் போதும். மெற்றை மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து வேலியில் போடுங்கள்.