புதுச்சேரியில் லென்ஸ் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: என் ஹீலியோஸின் முன் கண்ணாடியை மாற்றிவிட்டார்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய மேனுவல் லென்ஸ் வைத்துப் படம் எடுக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். லென்ஸுக்குள் வளர்ந்த பங்கஸை (பூஞ்சையை) எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒரு கடையில், என் ஹீலியோஸ் 44-2 லென்ஸின் முன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, தேய்ந்துபோன வேறொரு கண்ணாடியைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கடை புதுச்சேரியில் இருக்கிறது. புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்குப் பெயர் போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள், எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த லென்ஸ் தெரியாதவர்களுக்கு: 58 எம்எம், எஃப்/2. சோவியத் காலத்தில் ஏராளமாகச் செய்து விற்றது, ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி செய்த பயோட்டார் லென்ஸின் வடிவமைப்பை ஒட்டியது. ஆட்டோஃபோகஸ் கிடையாது, கேமராவில் திருகி மாட்டும் எம்42 மரை. அடாப்டர் போட்டு என் மிரர்லெஸ் கேமராவில் மாட்டியிருக்கிறேன். அதிலிருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் ஃபிலிம் அளவைவிடச் சிறியது என்பதால், கிட்டத்தட்ட 87 எம்எம் போல வேலை செய்யும், முகம் எடுக்க அருமையான தூரம். எஃப்/2-வில் திறந்து வைத்தால் பின்னணி சுழலும். ஓரத்தில் இருக்கும் ஒளிப்புள்ளிகள் வட்டமாக விழாமல் பூனைக்கண் வடிவத்தில் நசுங்கி, நடுவைச் சுற்றி வளைந்து நிற்பதால் வரும் அழகு அது. ஆனால் வெறும் சுவருக்கு முன்னால் எடுத்தால் ஒன்றும் வராது. பின்னால் பொடிப்பொடியாக வெளிச்சம் தெரிய வேண்டும். நம் கடலூர்க் கடற்கரையின் சவுக்குத் தோப்புகள் இதற்கென்றே வளர்ந்த மாதிரி இருக்கும். காலை வெயில் கடல் பக்கமிருந்து சவுக்கு இலைகளுக்குள் புகுந்து வரும்போது, இந்தப் பக்கம் ஓர் ஆளை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். தேவனாம்பட்டினத்தில் மீன்கூடையோடு வரும் அம்மாக்களை அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார்கள். எனக்கு இது தொழில் இல்லை. அதனாலேயே இந்த லென்ஸ் மேல் அவ்வளவு பிரியம்.

மழைக்காலம் முடிந்ததும் உள்ளே சிலந்திவலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தன. கடலோரத்தில் இது சகஜம். காற்றில் ஈரம் 60, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். விட்டுவைத்தால், பிரதிபலிப்பைக் குறைக்கக் கண்ணாடியில் பூசியிருக்கும் மேற்பூச்சையே அரித்துவிடும். அதனால்தான் சர்வீஸுக்குக் கொடுத்தேன். கூலி 1,800 ரூபாய், முழுப்பணமும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் ‘லென்ஸ் சர்வீஸ்’ என்று எழுதி, தொகையைப் போட்டுக் கொடுத்தார்கள். லென்ஸின் பெயர், சீரியல் நம்பர் எதுவும் இல்லை.

திரும்பி வந்தபோது பங்கஸ் இல்லை, பார்க்கப் பளிச்சென்று இருந்தது. பெயரும் நம்பரும் பொறித்த வளையமும் என்னுடையதுதான். அடுத்த முறை தோப்புக்குப் போய் வெயிலுக்கு எதிராக ஒரு பாட்டியை நிறுத்தி எடுத்தேன். முகம் முழுக்கப் புகை படர்ந்த மாதிரி வெளுத்து விழுந்தது. கண்ணின் கருப்பு சாம்பலாகிவிட்டது. கையால் வெயிலை மறைத்தால் கொஞ்சம் தெளிந்தது. அதுவும் போதாதென்று, ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டி (தூரத்துக் கடைசிக் குறி) வரை திருப்பினாலும் தூரத்துப் படகுகள் கலங்கலாகவே இருந்தன. முன்பு அதே அடாப்டரில் தெளிவாக விழும். ஃபோகஸ் வளையத்துக்குள் இருக்கும் மரைக்குப் பல தொடக்கங்கள் உண்டு. கழற்றும்போது எதில் இருந்தது என்று குறித்துவைக்காமல் வேறொன்றில் ஏற்றினால் இப்படி ஆகும். அது கவனக்குறைவு, திருத்திவிடலாம். கண்ணாடி விஷயம் வேறு.

வீட்டுக்கு வந்து டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்துப் பார்த்தேன். முன் கண்ணாடி முழுக்க முடி போன்ற கீறல்கள், துணியால் அழுத்தி வட்டமாகத் தேய்த்தால் வருகிற மாதிரி. டியூப்லைட்டின் பிரதிபலிப்பைப் பார்த்தால், முன்பு நீலமும் ஊதாவுமாகத் தெரிந்தது இப்போது ஜன்னல் கண்ணாடியில் தெரிவதைப் போல வெறும் வெள்ளை. மேற்பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கும். எதிர்வெயிலில் படம் வெளுத்ததற்கு இந்த இரண்டுமே காரணம்.

இதுவரைக்கும், ‘தேய்த்துக் கெடுத்துவிட்டார்கள்’ என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் பழைய படம் ஒன்று ஞாபகம் வந்தது. கிட்டத்தில் படம் எடுக்க லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கிய புதிதில், 50 எம்எம் லென்ஸின் பின்னால் அதை மாட்டி, கையில் கிடைத்ததையெல்லாம் கிட்டத்தில் எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். அதில் ஹீலியோஸின் முன் கண்ணாடியும் ஒன்று. விளிம்புக்குச் சற்று உள்ளே, கண்ணாடிக்குள், குண்டூசி முனை அளவுக்கு ஒரு காற்றுக்குமிழ் அதில் தெளிவாகத் தெரிகிறது. பழைய லென்ஸ்களில் இப்படிக் குமிழ் இருப்பது சாதாரணம், படத்தை ஒன்றும் செய்யாது. இப்போது கையில் இருக்கும் கண்ணாடியை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் குமிழ் இல்லை. கழற்றி மாட்டும்போது கண்ணாடி சுழன்றிருந்தால் குமிழ் வேறு இடத்தில் இருக்கும், காணாமல் போகாது. சீரியல் நம்பர் வளையம் தனியாகத் திருகிக் கழற்றும் துண்டு என்பதால், அது மட்டும் அப்படியே இருப்பதில் ஆச்சரியமும் இல்லை.

படத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

“அண்ணே, இதுல ஒரு குமிழ் இருந்துச்சே, எங்க?”

“குமிழா? அது பங்கஸ் தம்பி. அதத்தான் சுத்தம் பண்ணி எடுத்துட்டோம்.”

கண்ணாடியை உருக்கி வார்க்கும்போதே உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அது. எந்தத் திரவத்தாலும் துடைத்து எடுக்க முடியாது. இருபது வருஷமாக லென்ஸ் பிரிப்பதாகச் சொல்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. கீறல்களைக் காட்டினேன். “பழைய ரஷ்யன் லென்ஸ்னா அப்படித்தான் தம்பி, புதுசா ஒண்ணு வாங்குங்க, நானே தரேன்” என்று அலமாரியைக் காட்டினார். அலமாரியில் ஹீலியோஸ்கள் வரிசையாக இருந்தன. எனக்கு அங்கேயே வயிறு எரிந்தது. பணத்தையும் திருப்பித் தரவில்லை, கண்ணாடியையும் தரவில்லை.

அதனால் சொல்கிறேன், சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் லென்ஸின் இரண்டு பக்கக் கண்ணாடியையும் டார்ச் அடித்து, கடைக்காரர் கண்ணெதிரிலேயே கிட்டத்தில் படம் எடுங்கள். குமிழ், தூசி, விளிம்பில் பெயின்ட் உதிர்ந்த இடம் எல்லாம் உங்கள் அடையாளம். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். பில்லில் லென்ஸ் பெயரும் சீரியல் நம்பரும் கொடுக்கும்போதிருந்த நிலையும் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே மாட்டி, தெருக்கோடியில் இருக்கிற போர்டுக்கு ஃபோகஸ் வருகிறதா பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிராக ஒரு படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் நகருங்கள். பங்கஸே வராமல் இருக்க, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரமானியும் போட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும்.

முறையான பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இந்த அளவு தொகைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கடை புதுச்சேரியில் இருந்தாலும், நான் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. ‘அடுத்த ஸ்டேட்டு, யார் அலைவது’ என்று விட்டுவிடுகிறவர்களை நம்பித்தான் இப்படிப்பட்ட கடைகள் ஓடுகின்றன. விடாதீர்கள்.

சமீபத்தில் புதுச்சேரியில் ஹீலியோஸ் 44-2 வாங்கியவர்கள் யாராவது இருந்தால், முன் கண்ணாடியில் விளிம்போரமாக ஒற்றைக் குமிழ் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். லென்ஸைத் திருப்பிக் கேட்க மாட்டேன். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. ஒரு படமும், வாங்கிய ரசீதும் மட்டும் கிடைத்தால் என் புகாரோடு சேர்த்துவிடுவேன்.