லயத்திலிருந்து கிளினிக்குக்கு எத்தனை நிமிடம்? வட்டம், கைபேசிச் செயலி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இன்னும் முப்பது சொச்சம் குடும்பங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கின்றன. ஒரு காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே டிரசர் (மருந்து கொடுக்கும் மருத்துவ உதவியாளர்) இருந்தார். காய்ச்சல் என்றால் அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். இன்று ஒரு மாத்திரைக்கும் டவுனில் இருக்கும் கிளினிக் கெசிஹாத்தானுக்குத்தான் (அரசாங்கக் கிளினிக்) போக வேண்டும். கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். போய்ச் சேருவதுதான் பாடு. நடமாடும் கிளினிக் கேட்டு மனு எழுத உட்கார்ந்தோம். "எத்தனை கிலோமீட்டர் என்று எழுதாதீர்கள், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள்" என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அந்த நிமிடத்தைக் கணக்கிட மூன்று வழிகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

முதலாவது, 5 கிலோமீட்டர் வட்டம். கிளினிக்கை மையமாக வைத்து வட்டம் போட்டு, உள்ளே இருந்தால் வசதி உண்டு, வெளியே இருந்தால் இல்லை என்று முடிவு கட்டுவது. நேர்கோட்டில் எங்கள் லயம் 4 கிலோமீட்டர்தான், வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. ஆனால் நடுவில் ஆறு ஓடுகிறது. பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் 11 கிலோமீட்டர். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது, எல்லோர் கைபேசியிலும் இருக்கும் வரைபடச் செயலி. பெரிய சாலையில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக காலை ஏழு மணிக்கு எவ்வளவு நேரம், பத்து மணிக்கு எவ்வளவு நேரம் என்று நெரிசலோடு சேர்த்துச் சொல்கிறது. டவுனில் குடியிருப்பவர்களுக்கு இதுவே போதும். எங்கள் லயத்திலிருந்து கேட்டபோது 14 நிமிடம் என்றது. அது காட்டிய வழியில் ஒரு மரப்பாலம் உண்டு. அந்தப் பாலம் வெள்ளத்தில் போய் இரண்டு வருடம் ஆகிறது. திருத்தச் சொல்லி எழுதினோம், ஒன்றும் மாறவில்லை.

10 நிமிடம் கூடக் குறைய இருந்தால் என்ன என்று தோன்றலாம். எங்கள் லயத்து அத்தை ஒருவர் டயாலிசிஸுக்குப் போகிறார். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போக, வர என்று வாரத்தில் ஆறு பயணம். வரைபடத்தில் 10 நிமிடம் குறைத்துக் காட்டினால், வாரத்தில் ஒரு மணி நேரம் அவர் செம்மண் சாலையில் குலுங்குவது கணக்கிலேயே வராது.

அதனால்தான் மூன்றாவது வழிக்குப் போனோம்: யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம், வரைபட வேலைக்கான கியூஜிஐஎஸ் மென்பொருள், அதற்குள் பயண நேரத்தைக் கணக்கிடும் ஓப்பன்ரூட்சர்வீஸ் கருவி. மூன்றுக்கும் காசு கிடையாது. கிளினிக்கைக் குறித்து 15, 30, 45 நிமிடம் என்று கொடுத்தால், அந்தந்த நேரத்துக்குள் எந்தப் பகுதியிலிருந்து வந்து சேரலாம் என்று சாலை வழியாகவே கணக்கிட்டு வரைந்து காட்டும். ஆனால் நான் இதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் இதெல்லாம் அல்ல. பாதை தவறாக இருந்தால் நாமே திருத்தலாம், அதுதான் காரணம். தோட்டத்துப் பாதை ஒரே மாதிரி இருப்பதில்லை. செம்பனை (எண்ணெய்ப் பனை) மறுநடவு வந்தால் பழைய பாதை மூடப்படும், புதியது வெட்டப்படும். இதை வெளியூர்க்காரர் யாரும் வந்து குறிக்கப் போவதில்லை.

திருத்தும் வேலை சுலபம் என்று சொல்ல மாட்டேன். செயற்கைக்கோள் படத்தில் முற்றிய செம்பனையின் மட்டைகள் பாதையை மூடிவிடுகின்றன, மேலிருந்து பார்த்தால் பச்சை மட்டும்தான். கைபேசியில் ஜிபிஎஸ் பதிவைப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன். மரத்தடியில் கோடு தள்ளாடித் தள்ளாடித்தான் விழுந்தது. ஒவ்வொரு பாதையிலும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓட்டி, இரண்டு கோட்டுக்கும் நடுவில் வரைந்தேன். பிறகு பாதையின் தரத்தைக் குறிக்க வேண்டும். இறுகிய கெட்டிப் பாதைக்கு 1, வெறும் மண்ணுக்கு 5. இதைப் பார்த்துத்தான் கருவி வேகத்தை நிர்ணயிக்கிறது, ஆகவே ஆசைக்குத் தரத்தை உயர்த்திப் போடக்கூடாது.

அடுத்தது கேட். பகலில் நாங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கேட் வழியாகத்தான் பெரிய சாலைக்கு ஏறுகிறோம். அங்கே இருந்த ஜாகாவிடம் (காவலாளியிடம்) கேட்டேன்.

"அண்ணே, எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க?"

"ஆறரைக்குச் சங்கிலி போட்டுருவேன்பா. அதுக்கு மேல அவசரம்னா போன் அடிக்கணும். லைன் கிடைச்சா வர்றேன்."

ஆறரைக்கு மேல் 17 கிலோமீட்டர் சுற்று. கருவியில் இதற்கு வழி இருக்கிறது. கேட்டின் மேல் ஒரு சின்னக் கட்டம் வரைந்து, இதைத் தவிர்த்துவிடு என்று சொன்னால் இரவு வரைபடம் தனியாகக் கிடைத்துவிடும். மூல வரைபடத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. ஓப்பன்ரூட்சர்வீஸில் கார், லாரி, சைக்கிள், நடை எல்லாம் இருக்கின்றன, மோட்டார் சைக்கிள் இல்லை. எங்கள் ஆட்களிடம் இருப்பதோ அதுதான். கார் கணக்கில் பகலுக்கு 19 நிமிடம் வந்தது. பின்னால் வயதானவரை உட்கார வைத்து நாங்கள் ஓட்டியதில் சராசரி 23. மொத்தம் ஆறு தடவைதான் ஓட்டினோம், அதுவும் காய்ந்த நாட்களில். எனவே இந்த 23-ஐக் கல்லில் வெட்டியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் அக்சஸ்மோட் என்ற மென்பொருளும் இருக்கிறது. நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கடக்க எவ்வளவு நேரம் என்று கூட்டிப் பார்க்கும். மேடு பள்ளமும் கணக்கில் சேரும். சாலையே இல்லாமல் நடந்து வரும் ஊர்களுக்கு அது பொருத்தம் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு தடவைதான் அதைத் தொட்டேன், அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இதே முறையில் உலகம் முழுவதையும் சுமார் 1 கிலோமீட்டர் கட்டங்களாக அளந்த ஆய்வு ஒன்று 2020-இல் வந்தது. உலக மக்களில் 43.3 சதவீதம் பேரால் நடந்து போய் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவ இடத்தை அடைய முடியாது, வாகனம் இருந்தால் அது 8.9 சதவீதமாகக் குறைகிறது என்றது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே நிற்பது வண்டி. லயத்து வீட்டில் இருப்பது ஒரே வண்டி, அதையும் காலை ஐந்தரைக்கே மகன் வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறான். எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் இதைக் கையால்தான் சேர்க்க வேண்டும். பகலில் வண்டி இல்லாத வீடுகளை வீடு வீடாகக் கேட்டுத் தனி நிறத்தில் குறித்தோம்.

மனுவில் இப்போது இரண்டு எண்கள் இருக்கின்றன: பகலில் 23 நிமிடம், கேட் பூட்டிய பிறகு 36. மழை மாதத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவதைச் சேர்ப்போம்.