ஒத்தெல்லோ பயிற்சிப் பெட்டி: அந்தக் கைக்குட்டைக்காகவே வாங்கலாம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வீட்டிலேயே ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்துக்கென்றே விற்கும் ஒரு பயிற்சிப் பெட்டியை ஆன்லைனில் 68 வெள்ளிக்கு வாங்கி, மூன்று சனிக்கிழமை ஆறு பிள்ளைகளோடு பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் எதிரொலி அட்டை. மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியில், மனைவி டெஸ்டிமோனாவுக்கும் தன் கீழ் இருந்த காசியோவுக்கும் உறவு என்ற சந்தேகத்தைப் படைத்தலைவன் ஒத்தெல்லோவின் மனதில் இயாகோ விதைக்கிறான், ஆனால் எடுத்த எடுப்பில் எதையும் நேராகச் சொல்வதில்லை. காசியோ நேர்மையானவன்தானே என்று ஒத்தெல்லோ கேட்டால் ‘நேர்மையா, பிரபு?’ என்கிறான், என்ன நினைக்கிறாய் என்றால் ‘நினைப்பதா?’ என்கிறான். அட்டையில் உள்ளதும் அதேதான்: ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் கேள்வியிலிருந்து ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு மாணவி தோழியிடம் “நேத்து குரூப்ல என்னைப் பத்திப் பேசினீங்களா?” என்று சும்மாதான் ஆரம்பித்தாள். “பேசினோமா?” “அப்ப பேசலையா?” “பேசலையா...” இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, கேட்டவள் பேனா மூடியைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்துவிட்டாள், விளையாட்டு என்று தெரிந்தும் முகம் சுண்டிப்போனது. “டீச்சர், இது கூனி வேலைதானே” என்றான் ஒருவன். கூனி நேராகவே பேசி மனதைக் கலைத்தாள், இயாகோ பாதியில் நிறுத்திவிடுகிறான், மீதியை ஒத்தெல்லோவே நிரப்பிக்கொள்கிறான் என்று அதிலேயே அரை மணி நேரம் போனது.

அடுத்தது கைக்குட்டை. ஸ்ட்ராபெரி அச்சிட்ட வெள்ளைத் துணி, நாடகத்தில் போலவே டெஸ்டிமோனாவிடமிருந்து இயாகோவின் மனைவி எமிலியா, இயாகோ, காசியோ, காசியோவின் காதலி பியாங்கா என்று கைமாறும். வாங்குகிறவர் அந்த நேரத்தில் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். கைக்குட்டையை எங்கே தொலைத்தேன் என்று டெஸ்டிமோனா கேட்கும்போது எமிலியா “தெரியாதம்மா” என்று சொல்லியாக வேண்டும் அல்லவா, எங்கள் எமிலியாவுக்கு வாய் வரவில்லை. “எனக்குத் தெரியுமே டீச்சர்” என்றாள்.

பயிற்சித்தாள்கள் வீண். ஒத்தெல்லோவின் பொறாமைக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடச் சொல்கிறது, அதில் பிள்ளைகள் என்ன கற்பார்கள்? அவன் வெனிஸில் வெளியாள், அந்த ஊர்ப் பெண்களைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்றும், அப்பாவையே ஏமாற்றி உன்னைக் கட்டியவள் என்றும் இயாகோ குத்துவது அங்கேதான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிற இடம், அதற்கு ஒரே ஒரு அட்டை! அப்புறம் வரி எண்கள். 1622-இல் இந்த நாடகம் தனியாக வந்த பதிப்பும் 1623-இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பும் பல இடங்களில் வேறுபடும், எந்தப் பதிப்பை வைத்து எண் போட்டார்கள் என்று எங்கும் இல்லை, அதனால் பிள்ளைகள் வரியைத் தேடியே களைத்துப்போனார்கள்.

இரண்டு அட்டை குறைவாக வந்தது, விற்றவர்களுக்கு எழுதியும் பதில் இல்லை. கைக்குட்டையும் ஒரே துவைப்பில் சாயம் போய்விட்டது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வெள்ளைத் துணி வாங்கிவந்தேன், ஸ்ட்ராபெரியைப் பிள்ளைகளே சிவப்பு நூலில் தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.